கேள்வி பதில்: ஊரோரக் காட்டுக்குள் ஒரு நாள்

கேள்வி: நான் போகவிருப்பது சின்னக் காடுதான். உள்ளே இருக்கும் நடைபாதை மொத்தம் 6 கிலோமீட்டர். சாலையில் மணிக்கு 5 கிலோமீட்டர் சாதாரணமாக நடப்பேன். மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதாதா?

போதாது. ஊரோரக் காடுகளில் நடக்கும் தவறுகளில் பாதி இந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. நீங்கள் சொல்வது சாலை வேகம். வேர், சேறு, விழுந்த மரம் என்று கிடக்கும் பாதையில் அது மணிக்கு இரண்டரை, மூன்று கிலோமீட்டராகச் சுருங்கிவிடும். ஏற்றத்துக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் வில்லியம் நைஸ்மித் 1892இல் சொன்ன விதி இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: தூரத்துக்கான நேரம் போக, ஒவ்வொரு 2000 அடி ஏற்றத்துக்கும் ஒரு மணி நேரம் கூடுதல். அதாவது 100 மீட்டர் ஏற்றத்துக்குச் சுமார் 10 நிமிடம். உங்கள் பாதையில் 150 மீட்டர் ஏற்றம் இருந்தால் நடைக்கு இரண்டேகால் மணி, நின்று பார்க்க, தண்ணீர் குடிக்க அரை மணி. ஆக மூன்று மணி நேரத்தை ஒட்டி வந்துவிடும்.

இதைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழியுங்கள். மறைவதற்கு ஒரு மணி நேரம் முன்பே மரங்களை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். வயலில் நல்ல வெளிச்சம் இருக்கும்போதே அடர்ந்த மரநிழலில் வேர் தெரியாமல் போகும். போன வழியே திரும்புவதானால் கையில் இருக்கும் நேரத்தைச் சரிபாதியாகப் பிரிக்காதீர்கள். நான்கு மணி நேரம் இருந்தால் ஒன்றே முக்கால் மணியில் திரும்பிவிட வேண்டும். களைத்த கால் மெதுவாகத்தான் நடக்கும்.

தண்ணீர், மிதமான வெயிலில் நடக்கும் ஒவ்வொரு மணிக்கும் அரை லிட்டர். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் அப்படியே குடிக்க வேண்டாம், மேட்டில் மேயும் மாட்டின் கழிவு அதில்தான் இறங்குகிறது.

கேள்வி: வழி தவறினால் நேராக ஒரே திசையில் நடந்தால் எப்படியும் வெளியே வந்துவிடலாம், மரத்தில் பாசி படிந்த பக்கம் வடக்கு என்கிறார்களே?

இரண்டையும் நம்ப வேண்டாம். பாசி ஈரமும் நிழலும் இருக்கும் பக்கம் படியும். காட்டுக்குள் எல்லாப் பக்கமும் நிழல்தான்.

நேராக நடப்பது கேட்க எளிது. ஜெர்மன் காட்டிலும் சஹாராவிலும் ஆட்களை நடக்கவிட்டு ஜிபிஎஸ் மூலம் தடம் பார்த்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. சூரியனோ நிலவோ கண்ணில் பட்டவரை நேராகப் போனார்கள். மேகம் மூடியதும் வட்டமடித்து, தாங்கள் முன்பு கடந்த தடத்தையே மறுபடி கடந்தார்கள், அதுவும் தெரியாமலே. ஒரு கால் நீளம், ஒரு கால் குட்டை என்பதல்ல காரணம். ‘நேர்’ எது என்று மனம் போடும் கணக்கில் சிறு சிறு பிசகு சேர்ந்துகொண்டே போகிறது.

எனவே உள்ளே நுழையும் முன்பே ஓர் எல்லையைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டின் கிழக்கு விளிம்பு முழுக்கத் தார்ச்சாலை ஓடுகிறது என்றால், எங்கே தவறினாலும் கிழக்கே போனால் சாலை தடுத்து நிறுத்தும். இதற்கு ஒரு சாதாரணத் திசைகாட்டி போதும். ஆறு, ரயில் பாதை, நீண்ட வேலி எதுவும் எல்லையாக உதவும். பாதை பிரியும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, *திரும்பிப் பார்த்து* ஒரு படம் எடுங்கள். வரும்போது தெரியப்போவது அந்தக் காட்சிதான்; போகும்போது முன்னால் பார்த்தது அல்ல.

பத்து நிமிடமாகத் தெரிந்த அடையாளம் எதுவும் வரவில்லையா? நின்றுவிடுங்கள். உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு, கடைசியாக உறுதியாகத் தெரிந்த இடம்வரை வந்த தடத்திலேயே திரும்புங்கள். குறுக்கே வெட்டிப் போகும் ஆசைதான் ஆளைக் கெடுக்கும்.

போனில் வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். சிக்னல் தேடியே பேட்டரி தீரும், ஆகவே ஏரோபிளேன் மோடில் வையுங்கள். பெரும்பாலான போன்களில் ஜிபிஎஸ் அப்போதும் வேலை செய்யும். அடர்ந்த இலைக்கூரையின் கீழ், வரைபடத்தில் நீங்கள் நிற்கும் இடத்தைக் காட்டும் புள்ளி சில பத்து மீட்டர் தள்ளிக் குதிப்பதுண்டு. அதனால் பிரிவில் நின்றபடி முடிவு செய்யாமல், ஒரு பாதையில் 50 மீட்டர் நடந்து புள்ளி கூடவே வருகிறதா என்று பாருங்கள். சட்டைப்பையில் ஒரு விசில் இருக்கட்டும். கத்தினால் தொண்டை கட்டிவிடும், விசில் கட்டாது. ஒரு நிமிடத்தில் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊத வேண்டும். சில நாடுகளில் மூன்று ஊதல்தான் ஆபத்துக் குறி.

கேள்வி: உடம்பில் ஒட்டிய உண்ணியை எண்ணெய் தடவியோ தீக்குச்சியால் சுட்டோ எடுக்கலாமா?

கூடாது. சூடும் எண்ணெயும் பட்டால் அது தன் வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்திலேயே கக்கக்கூடும். முனை மெல்லிய ட்வீசரால், உடலைப் பிடிக்காமல், தோலை ஒட்டித் தலைப்பக்கம் பிடித்து, முறுக்காமல் நிதானமாக நேராக இழுங்கள். பிறகு சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, தேதியைக் குறித்து வையுங்கள். தேதி எதற்கு? உண்ணிக்கடியால் வரும் லைம் நோயின் தடிப்பு கடித்து 3 முதல் 30 நாளுக்குள் தோன்றும்; மருத்துவர் முதலில் கேட்பது அதைத்தான். லைம் கிருமி உடலுக்குள் ஏறப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஆகும் என்பதால், அன்று மாலையே தேடி எடுப்பது பெரிய பாதுகாப்பு. சில வைரஸ்கள் அவ்வளவு காத்திருப்பதில்லை, ஆகவே ஒட்டாமல் பார்த்துக்கொள்வதே மேல். கால்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வெளிர்நிறத் துணி போட்டால் ஏறுவது கண்ணில் படும். வந்ததும் முழங்கால் மடிப்பு, இடுப்புப்பட்டி ஓரம், தொடை இடுக்கு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடிக்குள் தடவிப் பாருங்கள். ஆசியப் பகுதிகளில், கண்ணுக்கே தெரியாத சிற்றுண்ணிப் புழு கடித்து வரும் ஸ்கரப் டைஃபஸ் என்ற காய்ச்சலும் உண்டு. காய்ச்சலோடு உடம்பில் எங்காவது கருகிய பொருக்கு தெரிந்தால், காட்டுக்குப் போனதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

அட்டைக்கு நகமே போதும். வாய்ப்பக்கத்தை ஒட்டி நகத்தை நுழைத்துத் தள்ளிவிடுங்கள். இரத்தம் உறையாமல் வைக்கும் பொருளை அது விட்டுப் போவதால் சற்று நேரம் கசியும், பயப்பட வேண்டாம்.

கேள்வி: காட்டுக்குப் போகும் வழி மேய்ச்சல் நிலம். கேட் திறந்தே கிடந்தது, பொறுப்பாக மூடிவிட்டு வந்தேன். சரிதானே?

நல்ல மனம், தவறான வேலை. மாடுகள் தண்ணீருக்குப் போக வேண்டும் என்றே அது திறந்திருக்கலாம். கேட்டை எப்படிக் கண்டீர்களோ அப்படியே விட வேண்டும். திறக்க முடியாமல் ஏற வேண்டி வந்தால் கீல் இருக்கும் பக்கம் ஏறுங்கள். தாழ்ப்பாள் பக்கம் எடை விழுந்தால் கேட் தொங்கிவிடும்.

காளையைவிடக் கன்றோடு நிற்கும் பசுவிடம் அதிக கவனம் தேவை. தாய்க்கும் கன்றுக்கும் நடுவே போகாமல் விலகிச் சுற்றுங்கள், ஓடாதீர்கள். நாயைக் கயிற்றில் பிடித்திருங்கள். ஆனால் மாடு பாய்ந்து வந்தால் கயிற்றை விட்டுவிடுங்கள். துரத்தப்படுவது நாய், அது ஓடித் தப்பிவிடும்.

கேள்வி: திடீரென்று இடி. மரத்தடியில் ஒதுங்கலாமா?

வெளியில் தனித்து நிற்கும் மரத்தடி மிக மோசமான இடம். மின்னல் மரத்திலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் தாவும், தரை வழியாகவும் பரவும். மின்னலுக்கும் இடிக்கும் இடையில் எண்ணுங்கள், 3 நொடிக்கு ஒரு கிலோமீட்டர். 30 நொடிக்குக் குறைந்தால் கட்டடத்துக்கோ மூடிய காருக்கோ போய்விட வேண்டும். கடைசி இடிக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வரலாம். ஒதுங்க எதுவுமே இல்லையென்றால், உயர்ந்த மரங்களை விட்டு விலகி, குட்டை மரங்கள் நிற்கும் பள்ளமான பகுதியில், ஒருவருக்கொருவர் இடைவெளி விட்டு நில்லுங்கள். படுக்கக் கூடாது.

கேள்வி: காளான் பறிக்கலாமா?

கண்ணால் பறியுங்கள். அமனிடா வகையில் சில கொல்லும் நஞ்சு, சமைத்தாலும் போகாது. வாந்தி தொடங்கவே ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் நஞ்சு ஈரலை எட்டியிருக்கும்.

கேள்வி: மூன்று மணி நேரம் நடந்தும் ஒரு பறவைகூடச் சரியாகப் பார்க்கவில்லை. எங்கே தவறு?

நடந்ததுதான் தவறு. காட்டின் நடுவைவிட, காடும் வயலும் சந்திக்கும் ஓரத்தில்தான் நடமாட்டம் அதிகம். இரைக்கு வெளி, ஒளிய மரம், இரண்டும் அங்கே பக்கத்தில் கிடைக்கின்றன. விடியலில், காற்று உங்கள் முகத்தில் படும்படி, ஒரு மரத்தண்டில் சாய்ந்து உட்காருங்கள். அதற்கு முன் அண்ணாந்து பார்த்து, மேலே காய்ந்த கிளை தொங்கவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். சரசரக்கும் மழைச்சட்டையைக் கழற்றிவிடுங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் வராது, நீங்கள் வந்த சத்தம் அடங்க வேண்டும். பெரும்பாலானோர் எழுந்து போவது அப்போதுதான். இருபது நிமிடம் அசையாமல் இருங்கள்.