பழுபாகலில் பூ இருக்கிறது, காய் இல்லை: காரணம் என்ன?

கேள்வி: எங்கள் பக்கம் வேலியோரத்தில் தானாக முளைத்துக் காய்க்கும் பழுபாகலை, நன்றாகக் காய்த்த கொடிகளாகப் பார்த்துக் கிழங்கு தோண்டி, வைகாசியில் 40 குழி நட்டேன். பந்தல் நிறையக் கொடி, தினமும் மஞ்சள் பூ. ஒவ்வொரு பூவுக்கும் அடியில் பிஞ்சு தெரிகிறது. ஆனால் நான்கைந்து நாளில் பழுத்து உதிர்ந்துவிடுகிறது. போரான் என்ற நுண்சத்து தெளித்தும் உதிர்வது நிற்கவில்லை. என்ன செய்வது? (ஒரு விவசாயி, தாளவாடி)

பதில்: உங்கள் கொடிகளுக்கு நோயும் இல்லை, சத்துக் குறைவும் இல்லை. நட்ட 40 குழியும் பெண் கொடி. சாதாரண பாகலில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் வரும். பழுபாகலில் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. காய்த்த கொடியாகத் தேடித் தோண்டியபோதே ஆண் கொடிகளை எல்லாம் விட்டுவிட்டீர்கள். நீங்கள் பிஞ்சு என்று சொல்வது பெண் பூவின் சூலகம், அதாவது பிறகு காயாக மாற வேண்டிய பகுதி. மகரந்தம் சேராவிட்டால் அது உதிரத்தான் செய்யும், போரானால் அதை நிறுத்த முடியாது.

பூவைத் திருப்பிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பெண் பூவின் அடியில் மெல்லிய முள் போர்த்திய குட்டிக் காய் இருக்கும். ஆண் பூவில் அது இருக்காது. அதற்குப் பதிலாக, இதழுக்குச் சற்றுக் கீழே காம்பைச் சுற்றி ஒரு பச்சைச் செதில் கிண்ணம்போல மொட்டை அணைத்திருக்கும். உங்கள் ஊர் வேலிகளில் 'மலட்டுக்கொடி' என்று ஒதுக்கப்படுபவற்றில் பெரும்பாலும் ஆண்தான் இருக்கும்.

இந்தப் பருவத்தையே காப்பாற்றலாம். பழுபாகல் பூ பொழுது சாயும்போதுதான் விரியும், மறுநாள் வெயிலுக்கு வாடிவிடும். இரவில் வரும் அந்துப்பூச்சிகளே இயற்கையில் மகரந்தம் கடத்துகின்றன. அதனால் கைமகரந்தச் சேர்க்கையைப் பூ விரியும் மாலையில் செய்வதே நல்லது. சூரியன் இறங்கும் முன் வேலியோரம், ஓடைக்கரையில் உள்ள ஆண் கொடிகளில் விரியப்போகும் மொட்டுகளைக் காம்போடு பறித்து, ஈரத்துணி விரித்த டப்பாவில் வையுங்கள். காப்புக் காட்டுக்குள் போக வேண்டாம். பூ விரிந்ததும் இதழைக் கிள்ளிவிட்டு, மகரந்தப்பையைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் மெதுவாகத் தடவுங்கள். ஓர் ஆண் பூவால் ஐந்து பெண் பூ வரை தொடலாம். தொட்ட பூவில் நூல் கட்டுங்கள். சில நாளில் பிஞ்சு பருத்துப் பச்சை ஏறினால் சேர்க்கை பலித்தது என்று அர்த்தம். மாலையில் எந்தப் பூச்சிமருந்தும் அடிக்காதீர்கள், அந்துப்பூச்சி செத்துப்போகும்.

நிரந்தர வழி, எட்டுப் பத்துப் பெண் கொடிக்கு ஓர் ஆண் கொடி. உங்களுக்கு நான்கைந்து ஆண் போதும். ஒரே மூலையில் நடாமல் பந்தலில் பரவலாக நடுங்கள். இப்போதே வேலியோர ஆண் கொடிகளுக்கு அடையாளக் குச்சி ஊன்றுங்கள். கார்த்திகை, மார்கழியில் கொடி காய்ந்தபின் எது ஆண், எது பெண் என்று சொல்ல முடியாது. காய்ந்ததும் அந்த ஆண் கிழங்கைக் கொஞ்சம் மண்ணோடு எடுத்து நடுங்கள். முளைக்கண் தலைப்பகுதியில் இருப்பதால், வெட்டுவதானால் நெடுக்காக, இரண்டு துண்டிலும் தலை இருக்கும்படி வெட்ட வேண்டும். விதை வேண்டாம்: தோல் கெட்டி, முளைப்பு தாமதம், பூக்கும்வரை ஆணா பெண்ணா என்றும் தெரியாது.

உங்கள் பெண் கிழங்குகள் மண்ணிலேயே இருக்கட்டும். கொடி காய்ந்ததும் தண்ணீரை நிறுத்துங்கள், ஈரம் தேங்கினால் அழுகிவிடும். கோடை மழையில் மறுபடி துளிர்க்கும். அப்போது குழிக்கு 10 கிலோ மக்கிய தொழுவுரமும் கால் கிலோ வேப்பம்புண்ணாக்கும் கொடுங்கள்.

காய் பிடித்ததும் பழ ஈ வரும். முட்டையிட்ட காய் ஒருபக்கம் கோணி மஞ்சளிக்கும். அவற்றைப் பந்தலடியில் போடாமல் ஆழமாகப் புதையுங்கள், இனக்கவர்ச்சிப் பொறியும் வையுங்கள். சேர்க்கை நடந்த 10 முதல் 12 நாளில், விதை கெட்டியாகும் முன் பறித்துவிடுங்கள்.