பழைய தாளில் ஜிபிஎஸ் தடம் தள்ளி விழுவது

ஸ்கேன் செய்த பழைய சர்வே ஆஃப் இந்தியா வரைபடத் தாளில், போனில் பதிந்த உங்கள் பழனி மலை நடைத் தடம் 150 மீட்டர் தள்ளி ஓடைக்குள் விழுவதற்கு போன் காரணமில்லை, பெரும்பாலும் டேட்டம்தான், அதாவது ஓர் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையைக் கணக்கிடும் அடிப்படை. அந்தத் தாள்கள் எவரெஸ்ட் நீள்வட்டம் என்ற பழைய பூமி வடிவக் கணக்கில் வரைந்தவை, போன் தருவதோ ஜிபிஎஸ்ஸின் டேட்டமான டபிள்யூஜிஎஸ் 84.

கிளம்பும் முன் ஒரு பாலம், தொலைவில் ஒரு சாலைச் சந்திப்பு, இரண்டிலும் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுத்து, தாளில் அவை இருக்கும் இடத்தோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே திசையில் ஒரே அளவு தள்ளியிருந்தால் ஆப்பில் வரைபடத்தின் டேட்டத்தை மாற்றினால் சரியாகிவிடும். அளவு மாறினால் ஸ்கேனை அட்சரேகை, தீர்க்கரேகையோடு பொருத்தியதில்தான் கோளாறு.

அப்புறம், சரிசெய்த பிறகும் தாளில் ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோடுகளை முழுசாக நம்பிவிடாதீர்கள். 1:50,000 தாளில் சம உயரக் கோடு பொதுவாக 20 மீட்டருக்கு ஒன்றுதான், நடுவில் 15 மீட்டர் செங்குத்துப் பாறை இருந்தாலும் தெரியாமல் போகலாம், மூடுபனியில் அது உயிருக்கே ஆபத்து.