1969 செவ்ரோலெட் கமாரோ காருக்கு எல்எஸ் இன்ஜின் மாற்றலாமா? எதிலிருந்து தொடங்குவது?

தாராளமாக மாற்றலாம். எல்எஸ் என்பது ஜெனரல் மோட்டார்ஸின் நவீன வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின் வரிசை; எல்எஸ்1, எல்எஸ்3 எல்லாம் அதில் வருபவை. ஆனால் முதலில், இப்போது காரில் இருக்கும் இன்ஜினின் பிளாக்கில் (சிலிண்டர்கள் உள்ள முக்கிய உலோகப் பகுதி) குத்தியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அது காரின் சேஸிஸ் எண்ணோடு ஒத்துப்போனால், தொழிற்சாலையிலேயே பொருத்திய இன்ஜின் அதுதான். அப்படிப்பட்ட இன்ஜினை எந்தக் காரணத்துக்காகவும் விற்காதீர்கள். கழற்றி, எண்ணெய் பூசிப் பத்திரமாக வையுங்கள். காரின் மதிப்பில் அதற்குக் கணிசமான பங்கு உண்டு.

அடுத்தது துரு. இன்ஜின் வாங்கும் முன் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள், டிக்கியின் அடித்தகட்டையும் முன் கண்ணாடியின் கீழ்விளிம்பையும் தட்டிப் பாருங்கள். கண்ணாடி ஓரத்தில் நீர் கசிந்தால் உள்ளே தரை அரித்துப்போயிருக்கும். வெல்டிங் வேலை முடியாமல் 430 குதிரைத்திறன் கொண்ட எல்எஸ்3-ஐ ஏற்றுவது வீண்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். 1997 கார்வெட்டில் வந்த 5.7 லிட்டர் எல்எஸ்1 அலுமினிய பிளாக் கொண்டது. பழைய வார்ப்பிரும்பு வி8-ஐவிட எடை குறைவு என்பதால் முன்பக்கம் லேசாகி, வண்டி நன்றாகத் திரும்பும். பொருத்துவதற்கான மவுன்ட்டுகள் தனியே கிடைக்கின்றன. பிக்அப் வண்டியில் வந்த எல்எஸ் இன்ஜின் வாங்கினால், அடியில் எண்ணெய் தேங்கும் தட்டை (ஆயில் பான்) மாற்றியாக வேண்டும். அது ஆழமானது என்பதால் காரின் அடியிலுள்ள குறுக்குச்சட்டத்தில் இடிக்கும்.

பலர் கோட்டைவிடுவது எரிபொருளில்தான். பழைய கார்புரேட்டருக்கு 5 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) போதும், எல்எஸ்ஸுக்குச் சுமார் 58 வேண்டும். ஆகவே டேங்க்கிற்குள் மின்சாரப் பம்ப், அழுத்தம் தாங்கும் குழாய்கள், இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியோடு புது வயரிங் எல்லாவற்றுக்கும் பணம் ஒதுக்குங்கள். அப்புறம் பிரேக்: நான்கு சக்கரத்திலும் டிரம் இருந்தால், முன்பக்கமாவது டிஸ்க் போடாமல் ஓட்டவே கூடாது.