இக்பாலை விட்டால் வேறு உருதுக் கவிஞர்: ஹஸ்ரத் மொஹானி

வணக்கம். சுதந்திர தினப் பேச்சுப் போட்டியில் எல்லாரும் இக்பாலையே எடுக்கிறார்கள், மகளுக்கு வேறு உருதுக் கவிஞர் வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். தயங்காமல் ஹஸ்ரத் மொஹானியை எடுங்கள். 'இன்குலாப் ஜிந்தாபாத்' என்ற முழக்கத்தைத் தந்தவர் அவர்தான். பகத்சிங் அதை நாடெங்கும் பரப்பினார்.

உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்து மொஹான் அவர் ஊர். இயற்பெயர் சையத் ஃபஸ்லுல் ஹசன். பிறந்த ஆண்டை விட்டுவிடுங்கள், புத்தகத்துக்குப் புத்தகம் மாறுகிறது.

சிறைக் கதைதான் பேச்சுக்கு உயிர். எகிப்தில் ஆங்கிலேயர் நடந்துகொள்ளும் விதத்தைக் கண்டித்து அவருடைய 'உர்தூ-ஏ-முஅல்லா' இதழில் ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் பெயரைச் சொல்ல மறுத்து, பொறுப்பைத் தானே ஏற்று, 1908-ல் சிறைக்குப் போனார். அங்கே திரிகையில் மாவரைக்கும் வேலை. 'கவிதைப் பயிற்சியும் நடக்கிறது, திரிகை அரைக்கும் கஷ்டமும் நடக்கிறது. ஹஸ்ரத்தின் சுபாவமே ஒரு விசித்திர வேடிக்கை' என்று அதையும் கஜல் என்னும் உருதுக் கவிதையாக்கிவிட்டார். மகள் இதை லேசான சிரிப்போடு சொல்லட்டும்.

அப்புறம், 1921 அகமதாபாத் காங்கிரசில் பூரண சுதந்திரம் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். காந்தி எதிர்த்தார், தோற்றது. அதே கோரிக்கையைக் காங்கிரஸ் 1929-ல் லாகூரில் ஏற்றது.

நம்மூர்த் தொடர்பும் உண்டு. 1925-ல் கான்பூரில் நடந்த கம்யூனிஸ்ட் மாநாட்டுக்குத் தலைவர் நம் சிங்காரவேலர், வரவேற்புக் குழுத் தலைவர் இவர்.

நேரம் மிஞ்சினால், குலாம் அலி பாடிய 'சுப்கே சுப்கே' கஜலும் இவர் எழுதியதுதான் என்று ஒரு வரி சேர்க்கலாம்.