தூங்காபியில் வீடு பார்க்கலாமா?

கேள்வி: கணவருக்கு சிட்னியில் வேலை கிடைத்திருக்கிறது. அலுவலகம் நகரின் மையத்தில். பக்கத்திலேயே சின்ன ஃப்ளாட் எடுப்பதா, டூங்காபி போன்ற புறநகரில் தோட்டத்தோடு தனி வீடு எடுப்பதா? மகளுக்கு ஏழு வயது.
– வாசகி, அம்பத்தூர்

பதில்: அம்பத்தூரிலிருந்து சென்ட்ரலுக்கு மின்சார ரயிலில் தொங்கிப் பழகிய குடும்பத்துக்கு டூங்காபி ஒரு தூரமா? இங்கேயும் சென்ட்ரல்தான்; முக்கால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு வருடமாக இங்கே இருக்கிறேன். என் மாமியார் வாயில் இது 'தூங்காபி'. பேரில்தான் தூங்காது, இரவு எட்டரைக்கே தெரு அடங்கிவிடும்.

தனி வீடே எடுங்கள். ஆனால் ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் எடுங்கள். இல்லையென்றால் இரண்டாவது கார் வாங்க வேண்டிவரும். ஏசி இல்லாத வீட்டை வாடகை குறைவென்று எடுத்துவிடாதீர்கள். கடற்காற்று மேற்கே வருவதற்குள் ஓய்ந்துவிடும். 2020 ஜனவரி 4 அன்று, எங்களுக்கும் மேற்கே இருக்கிற பென்ரித்தில் 48.9 டிகிரி. அன்று நாங்கள் நான்கு பேரும் ஒரே அறையில் பாய் விரித்துக் கிடந்தோம். சென்னை வெயில் பார்த்தவள் என்று பெருமை பேசியதை அன்றோடு விட்டேன்.

அப்புறம் பள்ளி. அரசுப் பள்ளியில் முகவரியைப் பார்த்துத்தான் இடம் தருவார்கள். அந்தத் தெரு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்துவிட்டே வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடுங்கள். மகளுக்குத் தொப்பி வாங்க மறக்காதீர்கள். தொப்பி இல்லாத பிள்ளையை வெயிலில் விளையாட விடமாட்டார்கள்.

அக்கம்பக்கம் எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். எனக்கு இடப்பக்கம் லெபனான் குடும்பம், வலப்பக்கம் பிலிப்பைன்ஸ் பாட்டி, எதிரே நேபாளத் தம்பதி. லெபனான் அக்கா திராட்சை இலையில் சோறு சுருட்டிக் கொடுத்ததும் மாமியார், "இலைக் கொழுக்கட்டையா?" என்று கேட்டு நான்கு சாப்பிட்டார். பதிலுக்கு வடை போனது. குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளியே வைப்பது என்று எனக்குச் சொல்லித்தந்தது பிலிப்பைன்ஸ் பாட்டிதான். இந்தச் சின்ன ஊர் மூன்று நகராட்சிகளுக்குள் பிரிந்து கிடப்பதால் நாலு தெரு தள்ளியிருக்கும் தோழி சொல்வது நமக்குப் பொருந்தாமல் போகலாம்.

கேள்வி: அங்கே பிள்ளைகளுக்குத் தமிழ் வருமா?
– வாசகர், மதுரை

பதில்: சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வில் தமிழை ஒரு பாடமாகவே எழுதலாம். என் மகன் படிக்கிறான், எழுதுகிறான். வீட்டில் கேட்டால் மட்டும் ஆங்கிலத்தில் பதில். மேஸ் ஹில் முருகன் கோயிலில் சுண்டல் வரிசையில் நின்றால் தமிழ் தானாக வருகிறது!

கேள்வி: கறிவேப்பிலைக் கன்று கொண்டுவரலாமா?
– மீண்டும் அம்பத்தூர் வாசகி

பதில்: வேண்டவே வேண்டாம். விமான நிலையத்தில் பிடுங்கி வைத்துக்கொள்வார்கள். சொல்லாமல் மறைத்தால் அபராதம் வேறு. இங்கேயே தொட்டிச் செடி வாங்குங்கள். ஜூலைக் குளிரில் இலை கொட்டும். பட்டுப்போனதென்று தூக்கி எறியாதீர்கள். என்னுடையது அக்டோபரில்தான் துளிர்க்கிறது.