பாலிடெக்னிக் முதலாண்டில் மேடைப்பேச்சு கட்டாயப் பாடம். எழுந்து நின்றாலே நடுங்குகிறது. எப்படித் தேறுவது?

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுக்கு 17, 18 வயது இருக்கும் என்று நினைக்கிறேன். ஆங்கிலத்தில் இரண்டு தனிப் பேச்சு, முதல் பேச்சுக்கு இன்னும் 4 வாரம், தலைப்பு முடிவாகவில்லை. கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள்: "பேச்சு சிலருக்குப் பிறவியிலேயே வருவது, எனக்கு அது இல்லை, பாஸ் மார்க் கிடைத்தால் போதும்." அந்த வரியைப் படித்த பிறகு என்னால் சும்மா போக முடியவில்லை. 2008-ல் இதையே நான் என் அம்மாவிடம் சொன்னேன்.

நான் சிங்கப்பூரில் ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) முடித்துவிட்டுப் பாலிடெக்னிக் போனவன். ஐடிஇ-யிலிருந்து வருபவர்களுக்குப் பேச வராது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என்னோடு அங்கே படித்தவர்களில் யாரையும் வாயடைக்க வைக்கக்கூடியவர்கள் இருந்தார்கள். நான் என் கதையை மட்டும் சொல்கிறேன். குழு வேலை வந்தால், "நீ ஸ்லைடு செய், நாங்க பேசிக்கிறோம்" என்பார்கள். எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதி எவ்வளவு கெடுதல் என்று தனிப் பேச்சு வந்தபோதுதான் தெரிந்தது.

முதல் பேச்சு தகவல் சொல்லும் பேச்சு, 5 நிமிடம். புவி வெப்பமடைதல் என்று தலைப்பு எடுத்தேன். ஏன் அதை எடுத்தேன் என்று கேட்டால், இணையத்தில் நிறையக் கிடைத்தது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. 1,100 வார்த்தை எழுதி வரிக்கு வரி மனப்பாடம் செய்தேன். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 130 முதல் 150 வார்த்தை வரும். 5 நிமிடத்துக்கு 700 வார்த்தையே அதிகம். இந்தக் கணக்கு எனக்குத் தெரியாது. அதனால் ஓட்டமாக ஓடினேன். மூன்றாவது பத்தியில் ஒரு வார்த்தை வரவில்லை. அந்த ஒரு வார்த்தை போனதும் அதற்குப் பின்னால் இருந்த எல்லாமே போய்விட்டது. தரையில் விரித்திருந்த கம்பளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எனக்கு அது பல நிமிடம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், "பத்துப் பதினைந்து விநாடி இருக்கும்டா" என்றான். நான் "சாரி" சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த நாள் விரிவுரையாளர் கூப்பிட்டு அனுப்பினார். சீனர், ஐம்பது வயதைத் தாண்டியவர். திட்டுவார் என்று போனேன். அவர் கேட்டது ஒரே கேள்வி: "சின்ன வயதில் உன் தாய்மொழிப் பாடத்தில் வாய்மொழித் தேர்வு இருந்திருக்குமே, அதில் இப்படி நின்றாயா?"

இல்லை. வாய்மொழியில் நான் நன்றாகவே செய்வேன். "அது எப்படி முடிந்தது?" என்றார். "ஆசிரியர் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன் மிஸ்" என்றேன்.

"அப்படியென்றால் குறிப்பு அட்டையில் வாக்கியம் எழுதாதே, கேள்வி எழுது" என்றார்.

இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். சிங்கப்பூரில் படித்த நாம் எல்லாரும் தொடக்கப்பள்ளியிலேயே வாய்மொழித் தேர்வுக்குப் பழகியவர்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் தமிழுக்கான 200 மதிப்பெண்ணில் 50 வாய்மொழிக்குத்தான். ஆக, பேசுவது உங்களுக்குப் புதிதே இல்லை. அங்கே எதிரில் ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார், தயங்கினால் இன்னொரு கேள்வி போட்டு எடுத்துக்கொடுப்பார். மேடையில் அந்த ஆள் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கியூ கார்டில், அதாவது கையில் வைத்துக்கொள்ளும் அந்தக் குறிப்பு அட்டையில், ஐந்து கேள்வி எழுதிக்கொண்டால் அந்த ஆள் உங்கள் கையிலேயே இருக்கிறார். ஒரு கேள்வியைப் பார், சபையைப் பார்த்துப் பதில் சொல், முடிந்ததா, அடுத்த கேள்வி. முதல் இரண்டு வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மனப்பாடம். ஏனென்றால் எழுந்து நின்ற முதல் நிமிடத்தில்தான் இதயம் வேகமாக அடிக்கும். அதைத் தாண்டிவிட்டால் தானாகவே இறங்கத் தொடங்கும். அந்த ஒரு நிமிடத்துக்கு வாய் தானாக ஓட வேண்டும்.

அந்த விரிவுரையாளர் சொன்ன இன்னொன்று: பயிற்சியில் தப்பு வந்தால் முதலிலிருந்து தொடங்கவே கூடாது. தொடங்கினால் முன்னுரையை 30 தடவை பேசியிருப்பீர்கள், முடிவுரையை இரண்டு தடவைதான் பேசியிருப்பீர்கள். தடுக்கிய இடத்திலிருந்தே எழுந்து போகவும் பழக வேண்டும்.

இரண்டாவது பேச்சு ஆறு வாரம் கழித்து. கேட்பவர்களை ஒரு காரியம் செய்ய வைக்கும் பேச்சு. அதற்கு அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மன்றோ என்பவர் 1930-களில் வகுத்த ஐந்து படிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் பாடத்திலும் வரக்கூடும். கவனத்தை இழுப்பது, ஒரு குறை இருப்பதை உணர்த்துவது, அதற்கு வழி சொல்வது, அந்த வழியில் போனால் எப்படி இருக்கும் என்று மனக்கண்ணில் காட்டுவது, கடைசியாக இதைச் செய்யுங்கள் என்று கேட்பது. வெறும் கோட்பாடு என்று தள்ளிவிடாதீர்கள்.

என் அம்மா அப்போது ஈசூனில் ஓர் உணவங்காடியில் மேசை துடைக்கும் வேலையில் இருந்தார். மதியம் 2 மணியிலிருந்து இரவு 10 வரை. வகுப்பில் யாருக்கும் நான் சொன்னதில்லை. தலைப்பு கிடைக்காமல் திணறிக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, "ஒரு மணி நேரத்துல எத்தனை மேசைம்மா துடைப்பீங்க?" என்று கேட்டேன். "அதையெல்லாம் யாரு எண்ணினா" என்றார். மறுநாள் அவராகவே ஒரு வேலை செய்தார். 7 மணியிலிருந்து 8 மணிவரை, ஒரு மேசை துடைத்தால் ஒரு பல்குச்சி என்று ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் கொட்டினார். 67 இருந்தது.

அதை அப்படியே ஒரு பிளாஸ்டிக் பையில் வகுப்புக்கு எடுத்துப் போனேன். அதற்கு முன் இரண்டு வாரம், எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் தூண்களைப் பார்த்துப் பேசிப் பழகினேன். ஒவ்வொரு தூணும் ஒரு ஆள். ஹேண்ட்ஃபோனில் ரெக்கார்ட் செய்து கேட்டபோது என் குறை எனக்கே பிடிபட்டது. நான் வார்த்தையின் கடைசி ஒலியை விழுங்கிக்கொண்டிருந்தேன். அதுவரை என் உச்சரிப்பு வெள்ளைக்காரர் மாதிரி இல்லையே என்பதுதான் என் கவலை. நல்ல ஆங்கிலம் பேசுவோம் இயக்கம் 2000-ல் தொடங்கியபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். நம் பேச்சு சரியில்லை என்ற கூச்சத்தோடே வளர்ந்தவன். கடைசி ஒலியை முழுதாகச் சொன்னால், நிறுத்தி நிறுத்திப் பேசினால், நம் உச்சரிப்பு யாருக்கும் தடையாக இருப்பதில்லை. இதில் மாற்றுக் கருத்து இருக்கலாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

பேச்சு நாளன்று மேசையில் பல்குச்சிகளைக் கொட்டினேன். "ஓர் இரவு ஒரு மணி நேரத்தில் ஒரு பெண் துடைத்த மேசைகள் இவை" என்று தொடங்கினேன். கை நடுங்கத்தான் செய்தது, அட்டை ஆடியது. ஆனால் அட்டையில் இருந்த கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். ஏன் முதுகு வலிக்கிறது? ஒரு மேசையில் என்னென்ன விட்டுவிட்டுப் போகிறார்கள்? தட்டு வைக்கும் இடம் எவ்வளவு தூரம்? அம்மா என்று சொல்லத் திட்டமே இல்லை, அட்டையில் "அந்தப் பெண்" என்றுதான் இருந்தது. "வீட்டுக்கு வந்ததும் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்காருவார்" என்று சொன்ன பிறகுதான், இது உனக்கு எப்படித் தெரியும் என்று எல்லாரும் நினைப்பார்களே என்று தோன்றியது. அதனால் சொன்னேன். பிறகு, "இன்று மதியம் கேன்டீனில் உங்கள் தட்டை நீங்களே எடுத்து வையுங்கள்" என்று முடித்தேன். அன்று மதியம் என் வகுப்பு மாணவர்கள் நான்கு பேர் தட்டை எடுத்துக்கொண்டு போனதை என் கண்ணால் பார்த்தேன். இன்று உணவங்காடிகளில் தட்டைத் திருப்பி வைப்பது கட்டாயம், 2021 செப்டம்பர் 1 முதல் நடவடிக்கையும் எடுக்கிறார்கள். 2008-ல் அப்படி இல்லை.

மதிப்பெண்ணும் நல்லபடியாக வந்தது. ஆனால் அந்தப் பாடம் எனக்குச் சோறு போடுவது இப்போதுதான். துவாஸில் ஒரு கட்டுமானத் தளத்தில் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். தினமும் காலையில் டூல்பாக்ஸ் மீட்டிங், அதாவது வேலை தொடங்கும் முன் நடக்கும் பாதுகாப்புக் கூட்டம். 60 பேர் நிற்பார்கள். தமிழ்நாட்டுக்காரர்கள், பங்களாதேஷ்காரர்கள், சீனர்கள். லாரியில் தூங்கி வந்த கண்ணோடு நிற்பவர்களிடம் 10 நிமிடத்தில் சொல்லி முடிக்க வேண்டும். 3 மீட்டருக்கு மேலிருந்து விழ வாய்ப்புள்ள வேலைக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது சட்டம். அதைச் சட்டமாக வாசித்தால் ஒருவர் காதிலும் ஏறாது. ஹூக் தேய்ந்துபோன ஒரு பழைய பாதுகாப்பு பெல்ட்டைத் தூக்கிக் காட்டி, "இதை நேத்து ஒருத்தர் மாட்டியிருந்தார், அவருக்கு ஊர்ல ரெண்டு பிள்ளை" என்று தொடங்குவேன். மன்றோவின் அதே ஐந்து படிதான். ஒருநாள் கூட்டம் கலைந்த பிறகு ஒரு தம்பி திரும்பி வந்து, "அண்ணே, என் பெல்ட்டுலயும் ஹூக் சரியா பூட்டலண்ணே" என்றார். இதைவிடப் பெரிய மதிப்பெண் எனக்கு வேண்டாம்.

கேள்விக்குச் சம்பந்தம் குறைவு, ஆனாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். என் மகள் தொடக்கநிலை 2-ல் படித்தபோது ஒரு தமிழ் நிகழ்ச்சியில் 3 நிமிடம் பேச இரண்டு வாரம் தயார் செய்தாள். சிறப்பு விருந்தினர் வந்ததே 40 நிமிடம் கழித்துத்தான். பிறகு வரவேற்புரை, தலைமையுரை, மூன்று வாழ்த்துரை, ஒவ்வொருவரும் முந்தையவர் சொன்னதையே சொன்னார்கள். இளைய தலைமுறை தமிழில் பேச முன்வருவதில்லை என்று வருத்தமும் பட்டார்கள். பிள்ளைகளின் முறை வந்தபோது "நேரமின்மை காரணமாக" ஆளுக்கு ஒரு நிமிடம் என்று மணி அடித்தார்கள். பாதி வாக்கியத்தில் இறங்கி வந்தவள், "நான் ஏதாவது தப்பாப் பேசிட்டேனாப்பா?" என்று கேட்டாள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. நிகழ்ச்சி நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து பிள்ளைகளை முதலில் பேச விடுங்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேரச் சொல்லி இங்கே சிலர் எழுதக்கூடும். 1924 முதல் இயங்கும் மேடைப்பேச்சு அமைப்பு, நல்ல பயிற்சி, மறுக்கவில்லை. ஆனால் உங்களிடம் 4 வாரம்தான் இருக்கிறது. நடுக்கத்தால் தூக்கம், சாப்பாடு எல்லாமே கெடுகிறது என்றால் கல்லூரியின் மனநல ஆலோசகரைப் பாருங்கள், அதற்கு என் பதில் போதாது. மற்றபடி, இந்த வாரம் தலைப்பை மட்டும் முடிவு செய்யுங்கள். பகுதிநேர வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அங்கிருந்தே எடுங்கள். பிறகு அந்தத் தலைப்பைப் பற்றி ஒரு சிநேகிதர் உங்களிடம் என்னென்ன கேட்பாரோ அந்த ஐந்து கேள்வியை இங்கே எழுதுங்கள். நான் காலை 5 மணிக்கு எழுந்துவிடுவேன், லாரி வருவதற்குள் படித்துவிட்டுப் பதில் போடுகிறேன்.