செப்டம்பர் கடைசியில் இத்தாலியின் பாரி நகருக்குப் போகலாமா? கார் இல்லாமல் நான்கு நாள் போதுமா? கடலில் குளிக்கலாமா, சைவம் கிடைக்குமா?

போகலாம். நான்கு நாளும் போதும். ஆனால் எந்தத் தேதி என்பதைவிட எந்தக் கிழமை என்பதை முதலில் பாருங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு போடுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இந்தக் கேள்விக்கு வந்த மற்ற பதில்களில் "பாரியில் இரண்டு மணி நேரம் போதும், நேராக அமால்ஃபி பக்கம் போங்கள்" என்று இருப்பதைப் பார்த்தேன். மேற்குக் கடலோரத்தில் உள்ள அமால்ஃபி அழகில்லை என்று நான் சொல்லவில்லை, அதற்குள் யாரும் சண்டைக்கு வர வேண்டாம். கப்பல் ஏறவும் மலிவு விமானத்தில் இறங்கவும் மட்டுமே பாரி என்று எழுதுவதைத்தான் ஏற்க முடியவில்லை. 1087இல் மிராவிலிருந்து, அதாவது இன்றைய துருக்கியிலிருந்து, புனித நிக்கோலாவின் எலும்புகளைப் பாரி மாலுமிகள் கொண்டுவந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா கதைக்கு மூலமான அதே நிக்கோலா. ஒன்பது நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் கத்தோலிக்கர்களும் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களும் ஒரே நிலவறைக் கல்லறைக்கு வந்து மண்டியிடுகிறார்கள். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடக்கூடிய ஊர் இல்லை இது.

வானிலை: செப்டம்பர் கடைசியில் பகலில் 24, 25 டிகிரி இருக்கும், இரவில் 16, 17க்கு இறங்கும். மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று போதும். சூரியன் மாலை ஆறே முக்கால் வாக்கில் மறைந்துவிடும், எனவே வெளியூர் பயணத்தைக் காலையில் சீக்கிரம் தொடங்குங்கள். கோடை முழுக்கச் சூடேறிய கடல் மெதுவாகத்தான் ஆறும். தண்ணீர் 22 முதல் 24 டிகிரி வரை இருக்கும், தாராளமாகக் குளிக்கலாம். கெடுப்பது குளிர் இல்லை, காற்றும் மழையும்தான். வடமேற்கிலிருந்து வரும் மாயெஸ்த்ராலே காற்று பிடித்துவிட்டால் அலை பாறையில் வந்து மோதும். அன்று பாரிக்குத் தெற்கே உள்ள கடலோர ஊரான பொலின்யானோவில் கடற்குகை பார்க்கப் படகு விட மாட்டார்கள். படகுச் சவாரிக்கு முன்பணம் கட்டுகிறீர்கள் என்றால், காற்றால் ரத்தானால் பணம் திரும்புமா என்று கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

ஊருக்குள்ளேயே 'பானே எ பொமொதோரோ' என்று ஒரு கடற்கரை இருக்கிறது. பெயருக்கு 'ரொட்டியும் தக்காளியும்' என்று பொருள். கடற்கரைச் சாலையில் தெற்கு நோக்கி நடந்தே போகலாம், கட்டணம் இல்லை. ஆனால் பலத்த மழை பெய்தால் வடிகால் நிரம்பி, கழிவுநீர் கலந்த வெள்ளம் அந்தப் பக்கம் கடலில் இறங்கும். நகராட்சி குளிக்கத் தடை போட்டுவிடும். 'தீவியெத்தோ தி பால்னேயாட்ஸியோனே' என்ற பலகை இருந்தால் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். மழை விட்டதுமே தண்ணீர் சுத்தமாகிவிடாது, தடையை எடுக்கும்வரை பொறுங்கள். "நான் அக்டோபரிலும் குளித்தேனே" என்று யாராவது பின்னூட்டம் போடலாம். குளித்திருப்பார்கள். முந்தைய நாள் மழை பெய்ததா என்பதுதான் கேள்வி.

இனி கிழமை விஷயம். அதற்கு முதலில் ரயில்களைப் புரிந்துகொள்ள வேண்டும். ஊரின் முக்கிய நிலையமான பாரி சென்ட்ராலேவை ஒட்டி நான்கு ரயில் நிறுவனங்கள் ஓடுகின்றன. ஒன்றின் டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. வெளியூர்க்காரர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடம் இது.

கடலோரமாகப் போவது டிரெனித்தாலியா: தெற்கே பொலின்யானோ, மொனோப்போலி, லெச்சே, வடக்கே த்ரானி. ரோமிலிருந்து நீங்கள் வரப்போகும் ரயிலும் இதுதான், நேரடி வேக ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். விமான நிலைய ரயில் ஃபெர்ரோத்ராம்வியாரியாவுடையது, இருபது நிமிடத்துக்குள் ஊருக்குள் கொண்டுவந்துவிடும். மிகக் குறைந்த செலவு வேண்டுமானால் 16ஆம் எண் நகரப் பேருந்து உண்டு, நேரம்தான் அதிகம். கூம்புக் கூரைக் கல்வீடுகளுக்குப் பெயர்போன அல்பெரொபெல்லோ, அதற்கு அடுத்த மார்த்தினா ஃப்ராங்கா பக்கம் போவது ஃபெர்ரோவியே தெல் சூத் எஸ்த், சுருக்கமாக எஃப்.எஸ்.இ. அதன் நடைமேடை நிலையத்தின் பின்பக்கம் இருக்கிறது, முன்வாசலிலிருந்து சுரங்கப்பாதையில் நடக்க ஐந்தாறு நிமிடம் ஒதுக்குங்கள். குகை வீடுகளுக்குப் பெயர்போன மத்தேராவுக்குப் போகும் குறுகிய பாதை ரயில் எஃப்.ஏ.எல். நிறுவனத்தினுடையது. அதற்கு நிலையத்தின் முன்னுள்ள சதுக்கத்தில் தனிக் கட்டடம், தனி டிக்கெட். சென்ட்ராலேவுக்குள் போய் 'மத்தேரா' என்று பலகையில் தேடினால் அகப்படாது.

மத்தேரா ரயிலில் இன்னொரு சிக்கல். சில ரயில்கள் வழியில் அல்தமூரா நிலையத்தில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி மத்தேரா போகும், மறு பாதி கிராவினா போகும். ஏறும்போதே பெட்டியில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் பாருங்கள், அல்லது பக்கத்தில் இருப்பவரிடம் "மத்தேரா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பயணம் ஒன்றே முக்கால் மணி நேரம் வரை ஆகும்.

ஞாயிற்றுக்கிழமை எஃப்.எஸ்.இ., எஃப்.ஏ.எல். இரண்டிலும் அட்டவணையே வேறு. சேவை மிகக் குறைவு, பல இடங்களில் ரயிலுக்குப் பதில் பேருந்துதான். அட்டவணையில் 'ஃபெரியாலே' என்று போட்டிருப்பதை விடுமுறை நாள் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பொருள் நேர் எதிர். ஃபெரியாலே என்றால் திங்கள் முதல் சனி வரையான வேலைநாள், 'ஃபெஸ்தீவோ' என்றால் ஞாயிறும் பண்டிகை நாளும். இந்த இரண்டு சொல்லை மாற்றிப் படித்துத்தான் ஆட்கள் அல்பெரொபெல்லோவில் மாலையில் ரயில் இல்லாமல் நிற்கிறார்கள். மத்தேராவையும் அல்பெரொபெல்லோவையும் வேலைநாளில் வையுங்கள், ஞாயிறைப் பாரிக்கோ த்ரானிக்கோ கொடுங்கள்.

வெள்ளிக்கிழமையையும் கவனிக்க வேண்டும். ரயில் வேலைநிறுத்தம் பெரும்பாலும் அன்றுதான் வைப்பார்கள், கோடை முடிந்ததும் திரும்பத் தொடங்கும். வேலைநிறுத்தத்துக்கு இத்தாலியச் சொல் 'ஷோபெரோ'. தேதி முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநாளில் நிறுத்தம் என்றால் காலை 6 முதல் 9 வரையும் மாலை 6 முதல் 9 வரையும் டிரெனித்தாலியா குறிப்பிட்ட உள்ளூர் ரயில்களைக் கட்டாயம் ஓட்டும். ஊர் திரும்பும் விமானம் வெள்ளி என்றால் இதை மனத்தில் வையுங்கள்.

காகித டிக்கெட் வாங்கினால் ஏறும் முன் நடைமேடை இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும். செல்பேசியில் வாங்கிய உள்ளூர் ரயில் டிக்கெட்டுக்கும் ஏறும் முன் 'செக்-இன்' அழுத்த வேண்டும். மறந்தால் அபராதம், "தெரியாது" என்பது எடுபடாது.

கார் வேண்டாம் என்று நீங்கள் முடிவெடுத்தது சரி. பழைய நகரத்துக்குள் வெளி வண்டிகளுக்குத் தடை, வாசலிலேயே கேமரா. இந்திய உரிமம் என்றால் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும்.

பாரி வெக்கியா எனும் பழைய நகரத்தைக் காலை ஒன்பதுக்கு முன் பாருங்கள். துறைமுகம் அடுத்தே இருப்பதால் உல்லாசக் கப்பல் வந்த நாளில் பத்து மணிக்கு மேல் சந்து நிறைந்துவிடும், நான்கு மணிக்குத்தான் குறையும். புனித நிக்கோலா பசிலிக்காவில் மேலே சுற்றிவிட்டு வந்துவிடாதீர்கள், படியிறங்கி நிலவறைக்குப் போங்கள். தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். மதியம் ஒன்றரையிலிருந்து நாலரை, ஐந்து வரை கடைகள் பல மூடியிருக்கும். இரவு உணவு எட்டு மணிக்குத்தான் சூடு பிடிக்கும்.

சாப்பாடு. பாரியின் சொந்தப் பாஸ்தா ஒரெக்கியெத்தே, 'குட்டிக் காதுகள்'. மறு அரைவை செய்த கெட்டிக் கோதுமை ரவை, வெதுவெதுப்பான தண்ணீர், இவ்வளவுதான். முட்டை கிடையாது. 400 கிராம் ரவைக்கு ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர். பத்து நிமிடம் அடித்துப் பிசைந்து அரைமணி மூடி வைத்து, விரல் பருமனில் கயிறாக உருட்டி, ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டுவார்கள். ஒவ்வொரு துண்டையும் மழுங்கிய கத்தியால் பலகையோடு அழுத்தித் தன் பக்கம் இழுக்க, அது சுருண்டுகொள்ளும். அதைக் கட்டைவிரல் நுனியில் மாட்டி உள்வெளியாகத் திருப்பினால் ஒரு காது. சொரசொரப்புப் பக்கம் வெளியே வரும், குழம்பைப் பிடித்துக்கொள்வது அதுதான். மாவில் தண்ணீர் கூடினால் துண்டு இழுபடாமல் பலகையில் ஒட்டும், சொரசொரப்பும் வராது. பழைய நகரத்தின் கோட்டைக்கு எதிரே உள்ள ஆர்கோ பாஸ்ஸோ சந்தில் பெண்கள் வாசலில் உட்கார்ந்து இதைச் செய்வதைப் பார்க்கலாம்.

வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். கையால் செய்ததில் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது, நடுவில் மெல்லிசாகவும் ஓரத்தில் தடிப்பாகவும் இருக்கும். எல்லாமே ஒரே அச்சில், ஒரே வரியோடு இருந்தால் ஆலையில் செய்தது. ஊருக்கு எடுத்துவர நன்றாகக் காய்ந்ததைக் கேளுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். காய்ந்தது வேக 12 நிமிடத்துக்கு மேலும் ஆகும், கடித்துப் பார்த்து இறக்குங்கள்.

பிரபலமானது சீமே தி ராப்பா என்ற கீரையோடு சமைப்பது. கடுகுக் கீரைக்கு உறவு, லேசான கசப்பு. ஆனால் அது குளிர்காலக் கீரை. செப்டம்பரில் தட்டில் வந்தால் பெரும்பாலும் உறைய வைத்ததுதான். இந்தப் பருவத்தில் தக்காளிச் சாறும் துருவிய காச்சோரிக்கோத்தா என்ற பாலாடைக்கட்டியும் போட்டுக் கேளுங்கள்.

சைவர்கள் பசியோடு திரும்ப வேண்டியதில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். அந்தக் கீரையோடு நெத்திலி போன்ற உப்பு மீன் சேர்ப்பது வழக்கம், "சென்ட்ஸா அச்சூகே" (அந்த மீன் வேண்டாம்) என்று சொல்லிவிடுங்கள். 'ராகு' என்றால் இறைச்சிக் குழம்பு, பாரியில் அதில் குதிரை இறைச்சியும் இருக்கலாம். பாலாடைக்கட்டியில் பெரும்பாலும் விலங்கின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் (ரென்னெட்) சேர்ந்திருக்கும், அதுவும் ஆகாது என்பவர்கள் "சென்ட்ஸா ஃபொர்மாஜ்ஜோ" சொல்லுங்கள். கவலையில்லாமல் சாப்பிட 'ஃபாவே எ சிக்கோரியே' இருக்கிறது, காய்ந்த அவரைப் பருப்பை மசித்து, வேகவைத்த கசப்புக் கீரையும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்தது. காரம் வேண்டுமானால் 'ஸ்பகெத்தி அல்லாஸாஸீனா'. வேகாத ஸ்பகெத்தியை இரும்பு வாணலியில் எண்ணெய், பூண்டு, மிளகாய், தக்காளியோடு போட்டு, நீர்த்த தக்காளிச் சாற்றைக் கரண்டி கரண்டியாக ஊற்றி, அடிப்பிடித்துக் கருகும்வரை விடுவார்கள். நேரம் பிடிக்கும், அவசரப்படுத்தாதீர்கள். கருகாமல் கொழகொழவென்று வந்தால் அது சரியான அஸாஸீனா இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனத்தில் உறுத்துகிறது. ஆர்கோ பாஸ்ஸோவில் திறந்திருக்கும் கதவுகள் கடை வாசல் இல்லை, வீடு. உள்ளே அடுப்பும் கட்டிலும் இருக்கின்றன, வயதானவர்கள் படுத்திருப்பார்கள். ரீல்ஸ் எடுக்கிறேன் என்று கேமராவைக் கதவுக்குள் நீட்டுவதும், காயவைத்த தட்டில் கைவிட்டு அளைவதும், ஒரு பொட்டலம்கூட வாங்காமல் நகர்வதும் நம் ஊர்க் காணொளிகளிலும் பார்க்கிறேன். நம் வீட்டுத் திண்ணையில் ஒருவர் இப்படிச் செய்தால் சும்மா இருப்போமா? "போஸ்ஸோ?" (எடுக்கலாமா?) என்று கேட்டு, தலையசைத்த பிறகு எடுங்கள்.

தங்குமிடம்: செப்டம்பரில் ஃபியேரா தெல் லெவாந்தே என்ற பெரிய வர்த்தகக் கண்காட்சி நடக்கும், 1930இலிருந்து நடப்பது. அந்த நாட்களில் அறை வாடகை ஏறிவிடும், தேதியைப் பார்த்துத் தவிருங்கள். நிலையத்துக்கும் பழைய நகரத்துக்கும் இடையே முராத் பகுதியில் தங்கினால் இரண்டும் நடை தூரம். இந்தியக் கடவுச்சீட்டு என்றால் ஷெங்கன் விசாவுக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன் கொடுத்தாக வேண்டும். பயணக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது.

கிளம்பும் நாள் காலையில் அடுமனையில் ஃபொக்காச்சா வாங்கிக்கொள்ளுங்கள். மாவில் உருளைக்கிழங்கு சேர்த்து, மேலே தக்காளியைக் கையால் பிழிந்து, ஆலிவ் வைத்துச் சுட்டது. காகிதத்திலேயே இருக்கட்டும், பிளாஸ்டிக்கில் போட்டால் வேர்த்து மொறுமொறுப்புப் போய்விடும். ஆலிவில் கொட்டை எடுத்திருக்க மாட்டார்கள், பார்த்துக் கடியுங்கள்.